எம்.ஜி.பி. காரும் அதன் கியர்ப்பெட்டி எண்ணெயும்

இங்கிலாந்து தேசத்திலே, தேம்ஸ் நதிக்கரையில், அபிங்டன் என்றொரு பழைய ஊர் உண்டு. முன்னாளில் அங்கே பெயர்பெற்ற மடாலயமொன்று விளங்கியது. பின்னாளில் அவ்வூரின் பெயர் கடல் கடந்தும் பரவியதற்கு அம்மடாலயம் காரணமன்று. மோட்டர் வண்டித் தொழிற்சாலையொன்றே காரணம். எண்கோண முத்திரைக்குள் எம்.ஜி. என்னும் இரண்டெழுத்தைத் தாங்கிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார்கள் அங்கிருந்தே புறப்பட்டன. அவற்றுள் மிகப் பெருந்தொகையாக விற்பனையானது எம்.ஜி.பி. என்னும் வகை. 1962ஆம் ஆண்டிலே தோன்றிய அவ்வண்டி 1980ஆம் ஆண்டுவரை செய்யப்பட்டது. திறந்த வண்டிகளையும் நிலையான கூரையுடைய ஜி.ரி. வண்டிகளையும் ஒருங்கு சேர்த்தால் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. 1980இல் தொழிற்சாலை மூடப்பட்டது, வண்டிகளோ மறையவில்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் இன்றும் அவை வீதிகளில் ஓடுகின்றன.

இத்தகைய வண்டியை வைத்திருப்போர் யாவரும் பெருஞ்செல்வர் என எண்ணுதல் பொருந்தாது. பாடசாலை ஆசிரியரும் எழுதுவினைஞரும் இளைப்பாறியவர்களும் அவர்களுட் பலர். விடுமுறை நாளிலே பழைய சட்டையொன்றை அணிந்து, வண்டியின் கீழே படுத்து, செய்யவேண்டியதைத் தம் கையாலேயே செய்வது அவர்களுக்கு வழக்கம் மட்டுமன்று, மகிழ்ச்சியுமாகும். அவ்வாறு செய்யப்படும் வேலைகளுள் கியர்ப்பெட்டியின் எண்ணெயை மாற்றுதல் மிக எளியது. ஓர் ஆணியைக் கழற்றுவது, பழையதை வடிப்பது, புதியதை வார்ப்பது, இவ்வளவே. ஆயினும் பிழை நேர்ந்தால் உடனே புலப்படாத வேலையும் இதுவே. தடுப்புக் கருவியைப் பிழையாகப் பூட்டினால் முதற் சந்தியிலேயே தெரிந்துவிடும். கியர்ப்பெட்டிக்குள் ஒவ்வாத எண்ணெயை ஊற்றினாலோ வண்டி அன்றும் ஓடும், அடுத்த மாதமும் ஓடும். தீங்கு உள்ளே மெல்ல மெல்ல வளரும். அது வெளிப்படும் நாளில் கியர்ப்பெட்டியை மட்டும் இறக்கிப் பார்க்கவும் இயலாது. எம்.ஜி.பி.யில் வழக்கமான முறை, இயந்திரத்தையும் கியர்ப்பெட்டியையும் ஒன்றாகவே தூக்கி வெளியே எடுப்பதுதான். சில லீற்றர் எண்ணெயைத் தெரிவதிலே நேர்ந்த கவனக்குறைவு, பாரந்தூக்கியும் பல நாள் உழைப்பும் பெரும்பணமும் வேண்டும் வேலையாக முடிந்துவிடுகிறது.

ஆகவே எந்த எண்ணெய் என்ற வினா சிறியதன்று. இவ்வினாவுக்குக் கடைக்காரரும் அயலவரும் தரும் விடை பெரும்பாலும் ஒன்றே: இருப்பவற்றுள் கனமானதும் புதியதும் விலையுயர்ந்ததுமே சிறந்தது என்பது. இவ்விடை பிழையானது. ஏன் பிழையாகிறது என்பதை உணரக் கியர்ப்பெட்டியின் உள்ளே நிகழ்வதைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

அலுமினிய உலோகத்தாலான அப்பெட்டிக்குள்ளே மேலொன்றும் கீழொன்றுமாகத் தண்டுகள் உள. அவற்றிலே பற்சில்லுகள் சோடி சோடியாக ஒன்றோடொன்று கோத்தபடி சுழல்வன. கீழ்த்தண்டின் சில்லுகள் எண்ணெயிலே அமிழ்ந்து, ஏற்றப்பட்டை நீரை வாருவதுபோல அதனை வாரி மேலே வீசும். அவ்வாறு வீசப்படும் எண்ணெயே பற்களையும் தாங்கிகளையும் நனைத்து, சூட்டைத் தணித்து, தேய்ந்த துகள்களைக் கழுவி அடியிலே சேர்க்கும். இவ்வளவில் எண்ணெயின் தொழில் ஒன்றே, வழுக்கச் செய்தல்.

ஆனால் அப்பெட்டிக்குள் வழுக்கக் கூடாத இடமும் ஒன்றுண்டு. ஓட்டுநர் கியர் மாற்றும்போது வெவ்வேறு வேகத்திற் சுழலும் இரண்டு பாகங்கள் இணையவேண்டும். முற்காலத்து வண்டிகளிலே இந்த இணைப்பு ஓட்டுநரின் திறமையையே நம்பியிருந்தது. கிளச்சை இருமுறை அழுத்தி, இயந்திரத்தின் வேகத்தைச் செவியால் அளந்து அவர் மாற்றவேண்டும். தவறினால் பற்கள் நறநறக்கும். இத்துன்பத்தை நீக்க வந்ததே சிங்க்ரோமெஷ் என்னும் அமைப்பு. 1928ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கடிலாக் வண்டிகளில் அது அறிமுகமாயிற்று. அதன் உயிர்நிலை ஒரு சிறிய வளையம். வெண்கலம் போன்ற செம்புக் கலப்புலோகத்தாலான அவ்வளையத்தின் உட்புறம் கூம்புபோற் சரிந்திருக்கும். ஓட்டுநர் நெம்பைத் தள்ளும்போது அவ்வளையம் பற்சில்லின் உருக்குக் கூம்பை இறுகப் பற்றும். அந்தப் பிடியின் உராய்வினாலே இரண்டும் ஒரே வேகத்தை அடையும். வேகம் ஒத்த பின்னரே வளையம் வழிவிடும். அப்போது கியர் ஓசையின்றி விழும்.

இந்த வளையம் பற்றுவதற்கு முன்னர்த் தனக்கும் கூம்புக்கும் இடையிலுள்ள எண்ணெய்ப் படலத்தை அறுத்துத் தள்ளவேண்டும். அதற்காகவே அதன் உட்புறத்திலே நூலிழை போன்ற நுண்ணிய வரிகள் வெட்டப்பட்டுள்ளன. எண்ணெய் மிகத் தடித்ததாயின் அவ்வரிகளால் அதனை வேளைக்கு அறுக்க இயலாது. குளிர்ந்த காலையில் இரண்டாம் கியர் பிடிவாதம் செய்யும். எண்ணெய் மிக வழுவழுப்பானதாயின் படலம் அறுந்த பின்னரும் வளையம் பற்றாது வழுக்கும். அப்போது காலையிலும் மாலையிலும் ஒருசேர நறநறக்கும். குளிரில் மட்டும் குறை தோன்றிச் சூடேறியபின் மறையுமாயின் எண்ணெயின் தடிப்பையும், எக்காலத்தும் தோன்றுமாயின் வளையத்தின் தேய்வையோ எண்ணெயின் வகையையோ ஐயுறலாம். பற்களுக்கு வழுக்கல் வேண்டும், வளையத்துக்குப் பற்று வேண்டும். ஒரே எண்ணெய் இவ்விரண்டையும் தரவேண்டும் என்பதிலேயே இவ்விடயத்தின் முழுச் சிக்கலும் அடங்கியுள்ளது.

இனி, அதே வண்டியின் பின் அச்சை நோக்குக. கியர்ப்பெட்டியிலிருந்து சில அடி தூரத்திலே, பின்சில்லுகளுக்கிடையே, இன்னொரு பற்சில்லுப் பெட்டி உண்டு. அங்கே சுழற்சி செங்கோணமாகத் திரும்புகிறது. அதற்குப் பயன்படும் பற்சில்லுகள் ஹைப்பொயிட் எனப்படும் வகையின. 1926ஆம் ஆண்டளவில் பக்கார்ட் நிறுவனத்தார் தம் வண்டிகளிற் புகுத்திய அமைப்பு அது. வண்டியைத் தாழ்வாக அமைக்க அது துணைசெய்தது. ஆனால் அப்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளுவதோடு நில்லாமல், கடும் அழுத்தத்துடன் நீளவாட்டில் உரசிச் சறுக்குவன. சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்திலே பிதுங்கி விலகிவிடும். இரும்பு இரும்பைத் தொட்டுக் கருகிப் பற்றிக்கொள்ளும். எனவே அங்கே வேறு வகைக் காவல் வேண்டியதாயிற்று. கந்தகமும் பொசுபரசும் சேர்ந்த கூட்டுப்பொருள்கள் எண்ணெயிற் கலக்கப்பட்டன. உராய்வினால் மிகுந்த சூடு பிறக்கும் புள்ளியிலே அவை இரும்பின் மேற்பரப்போடு இரசாயன முறையிற் சேர்ந்து மெல்லிய போர்வையொன்றை உண்டாக்கும். தேய்வது அப்போர்வை, இரும்பன்று. தேயத் தேய அது மீண்டும் உண்டாகும். இத்தகைய எண்ணெயே ஈ.பி. எனப்படும் அதியழுத்த எண்ணெய். இதற்கு ஒரு துயரமான வரலாறும் உண்டு. கந்தகம் ஏற்றப்பட்ட எண்ணெய் மீனெனப்படும் பெருந்திமிங்கிலத்தின் எண்ணெயே நெடுங்காலம் இக்கலவைகளிற் சேர்க்கப்பட்டு வந்தது. 1970ஆம் ஆண்டிலே அமெரிக்கா அவ்விலங்கை அழிவுறும் இனமாகக் கொண்டு அதன் பொருள்களின் இறக்குமதியைத் தடைசெய்தது. அதன் பின்னரே மாற்றுப் பொருள்கள் முழுமூச்சாகத் தேடப்பட்டன.

இரும்பைக் காக்கும் அதே கந்தகம் செம்புக்கு நண்பனன்று. கோயிலுக்கோ வீட்டுக்கோ உரிய செம்புப் பாத்திரம் கறுத்துப்போவதை அறியாதார் இலர். செம்பும் கந்தகமும் சேர்ந்த கறுப்பு அதிலே ஒரு பகுதி. கியர்ப்பெட்டியின் சூட்டிலே, வீரியம் மிக்க கந்தகம் நாள்தோறும் படுமானால், வெண்கல வளையத்தின் மேற்பரப்பிலும் அத்தகைய மாற்றம் நிகழும். போர்வை உண்டாகும், உராய்வினால் உரியும், மீண்டும் உண்டாகும். ஆனால் உரிந்து செல்வது எண்ணெய் தந்த போர்வை மட்டுமன்று, அதனோடு பிணைந்த மென்மையான உலோகமுமாகும். வளையத்தின் நுண்ணிய வரிகள் மழுங்கும். வளையம் மட்டுமோ? கீழ்த்தண்டின் அந்தத்திலே அமைந்த வெண்கல அழுத்த வளையமும் இக்கேட்டுக்கு உட்பட்டதே. கந்தகத்தை முறைப்படி சுத்திசெய்து மருந்தாக்கும் சித்த வைத்தியர், எந்த உடலுக்கு எவ்வளவு என்பதிலே எத்துணை எச்சரிக்கையாயிருப்பரோ அத்துணை எச்சரிக்கை இங்கும் வேண்டும்.

எண்ணெய்ப் போத்தல்களின் மேலே ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என்று பொறித்திருப்பதன் பொருள் இதுவே. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம் வகுத்த தரப்பிரிவுகள் இவை. ஜி.எல்.-4 நடுத்தரமான அதியழுத்தக் காவல் உடையது. ஜி.எல்.-5 கடுமையான ஹைப்பொயிட் வேலைக்குரியது. அதிலே கந்தக பொசுபரசுச் சேர்க்கை ஏறத்தாழ இரு மடங்கு. ஐந்து நாலிலும் பெரிதாகையால் ஐந்தே மேலானது என்று கொள்வோர் பலர். பரீட்சைப் புள்ளியில் அவ்வாறு கொள்ளலாம். இங்கே அவ்வெண்கள் தரத்தின் படிகள் அல்ல, வெவ்வேறு தொழிலின் பெயர்கள். ஐந்தாம் வகை பின் அச்சிற் சிறந்தது. கியர்ப்பெட்டியிலோ அதனால் இருவகைக் கேடு: வெண்கலத்தை அரிக்கக்கூடும், அதனினும் முன்னதாக, வளையத்தின் பிடியை வழுக்கச் செய்யும். இக்கேடு சிலராற் பெரிதுபடுத்திக் கூறப்படுகிறது என்பதையும் மறைத்தலாகாது. இக்காலத்து ஜி.எல்.-5 எண்ணெய்களுட் சில, செம்பைத் தாக்காதபடி தணிப்புப் பொருள்கள் சேர்க்கப்பட்டவை. செம்புத் தகட்டைச் சூடான எண்ணெயில் இட்டுப் பார்க்கும் சோதனையிலே அவை நன்றாகவே தேறுகின்றன. ஒருமுறை தவறுதலாக வார்த்துவிட்டவர் உறக்கமிழக்கத் தேவையில்லை, வடித்துவிட்டால் போதும். ஆயினும் போத்தலின் வெளியே நின்று பார்ப்பவருக்கு எது தணிக்கப்பட்டது, எது தணிக்கப்படாதது என்பது தெரியாது. தெரியாத ஒன்றை, எளிதில் திறக்க இயலாத பெட்டிக்குள் வார்ப்பது அறிவுடைமையன்று.

அப்படியாயின் அபிங்டனில் அவ்வண்டியைச் செய்தோர் எதனை விதித்தனர்? இங்கேதான் பலர் வியப்படைவர். எம்.ஜி.பி.யின் கியர்ப்பெட்டிக்கு அவர்கள் விதித்தது கியர் எண்ணெயே அன்று; இயந்திரத்துக்கு வார்க்கும் அதே எண்ணெய். 20டபிள்யூ-50 என்னும் தர எண்ணெயே இன்று அவ்விடத்தைப் பெறுகிறது. பின் அச்சுக்கு மட்டும் 90 என்னும் எண்ணுடைய ஹைப்பொயிட் எண்ணெயை விதித்தனர்.

90 என்பதைக் கண்டவுடன், ஐம்பதிலும் தொண்ணூறு எவ்வளவோ தடித்தது, இயந்திர எண்ணெய் தண்ணீர்போல ஓடிவிடுமே என்று உரிமையாளர் அஞ்சுவது இயல்பு. அவ்வச்சத்துக்கு இடமில்லை. முன்னாளில் யாழ்ப்பாணத்திலே நெல்லைக் கொத்தால் அளந்தனர்; தமிழ்நாட்டிலே படியால் அளந்தனர். கொத்துக் கணக்கையும் படிக் கணக்கையும் அருகருகே வைத்து எது பெரிய எண் என்று பார்த்தால் நெல்லின் அளவு தெரியுமா? அமெரிக்க மோட்டர்ப் பொறியியலாளர் சங்கம் இயந்திர எண்ணெய்க்கு ஓர் அளவுகோலையும் கியர் எண்ணெய்க்கு வேறோர் அளவுகோலையும் வகுத்துள்ளது. 100 பாகை செல்சியசு வெப்பநிலையில் 50 என்னும் இயந்திர எண்ணெயின் பாகுநிலை 16.3 முதல் 21.9 சென்றிஸ்ரோக் வரை நிற்கும். அதே வெப்பநிலையில் 90 என்னும் கியர் எண்ணெயினுடையது 13.5 முதல் 18.5 வரை. ஐம்பது தொண்ணூறுக்கு இளைத்ததன்று, சிலபோது தடித்ததுமாகும். டபிள்யூ என்னும் எழுத்து மாரிகாலத்தைக் குறிப்பது. அதற்கு முன்னுள்ள எண் குளிரில் எண்ணெய் எவ்வாறு ஓடும் என்பதைக் காட்டும்.

பாகுநிலை சரி, அதியழுத்தக் காவல் இன்மை குறையாகாதோ என்று வினவலாம். கியர்ப்பெட்டியின் பற்கள் ஹைப்பொயிட் அல்ல. ஒருபோகான தண்டுகளில் அமைந்த அவை பெரும்பாலும் உருளுவன, சறுக்கல் சிறிதே. துத்தநாகமும் பொசுபரசும் கலந்து இயந்திர எண்ணெய்க்கு ஊட்டப்படும் தேய்வுத் தடுப்பே அவற்றுக்குப் போதும். அதே காலத்தில், 1959இல், அதே நிறுவனக் குடும்பத்திலிருந்து வெளிவந்த மினி காரிலே கியர்ப்பெட்டி இயந்திரத்தின் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அமைந்திருந்தது. ஒரே எண்ணெய் இரண்டுக்கும் பணிசெய்தது.

எம்.ஜி.பி.யில் இவ்விதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவ்வண்டிகளுட் பலவற்றிலே கியர்ப்பெட்டியின் பின்புறம் ஓவர்டிரைவ் என்னும் துணைக்கருவி பூட்டப்பட்டிருக்கும். நெடுஞ்சாலையில் இயந்திரத்தின் சுழற்சியைக் குறைத்து ஓட உதவும் இதனைச் செய்தவர்கள் லேகொக் நிறுவனத்தார். இதற்கு அடிகோலியவர் எட்கர் டி நோர்மன்வில் என்பார். ஒரு சிறு ஆளியைத் தட்டியவுடன், உள்ளிருக்கும் பம்பி எழுப்பிய எண்ணெய் அழுத்தம் கூம்புக் கிளச்சொன்றை நகர்த்தி இறுகப் பிடிக்கச் செய்யும். அந்தப் பம்பியும் கிளச்சும் கியர்ப்பெட்டியின் எண்ணெயையே பகிர்ந்துகொள்கின்றன. தடித்த எண்ணெயானால் காலைக் குளிரில் கருவி தாமதித்து இயங்கும். வழுவழுப்பு மிகுந்த எண்ணெயானால் கிளச்சு வழுக்கும். சிங்க்ரோமெஷ் வளையத்துக்குச் சொன்ன நியாயம் இங்கே இரட்டிப்பாகிறது.

இதனைக் கொண்டு பழைய ஆங்கிலேய வண்டிகள் எல்லாவற்றுக்கும் இயந்திர எண்ணெயே உரியது என்று முடிவுகட்டிவிடல் ஆகாது. அதே காலத்து டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு அவற்றைச் செய்தோர் கியர் எண்ணெயையே விதித்தனர். அயலவரின் வண்டிக்கு ஒத்தது தம் வண்டிக்கும் ஒக்கும் என்று நினைப்பது, அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த மருந்தைத் தம் பிள்ளைக்கும் கொடுப்பது போன்றது. ஒவ்வொரு வண்டிக்கும் கையேடு உண்டு. அரை நூற்றாண்டுப் பழமையான அச்சிறு நூலின் பழுத்த தாளிலே இருப்பதே முதற் பிரமாணம். அதில் எண்ணெயின் பெயர் இன்று விற்பனையில் இல்லாத ஒன்றாக இருக்கலாம்; தரமும் எண்ணும் இருக்கும், அவை போதும்.

இன்று எம்.ஜி.பி.க்கு வாங்கச் செல்லும் உரிமையாளர் கடையிலே கேட்கவேண்டியது, பழைய வண்டிகளுக்கென்று செய்யப்படும் 20டபிள்யூ-50 கனிய எண்ணெய். ஓவர்டிரைவ் இல்லாத வண்டியாயின், வெண்கலத்துக்குத் தீங்கில்லை என்று செய்தவரே உறுதிகூறும் ஜி.எல்.-4 கியர் எண்ணெயையும் சிலர் வார்க்கின்றனர். இரண்டாம் கியர் அதனால் இளகியதாகக் கூறுவோரும் உளர். அதிலே தவறு காண்பதற்கில்லை. ஜி.எல்.-4, ஜி.எல்.-5 இரண்டையும் ஒரே போத்தலின் மேற் பொறித்த எண்ணெய்களிடம் மட்டும் எச்சரிக்கை வேண்டும்; ஐந்தாம் வகையின் கடுமையைத் தாங்குவதாகக் கூறும் ஒன்று, நாலாம் வகையின் மென்மையையும் உடையது என்பதைச் செய்தவர் தெளிவாக எழுதியிருந்தாலன்றி ஏற்கலாகாது. உராய்வைக் குறைக்கும் அற்புதச் சேர்க்கை என்று சிறு குப்பிகளில் விற்கப்படுவனவற்றை இப்பெட்டிக்குள் விடவே கூடாது. உராய்வு குறையக் கூடாத இடமொன்று அங்கே இருக்கிறதல்லவா?

தடித்த எண்ணெய் வார்த்தால் இரைச்சல் அடங்கும் என்று சொல்வாரும் உண்டு. அடங்குவது உண்மையே. தாங்கி தேய்ந்து இரைகின்ற பெட்டியிலே கனத்த எண்ணெயை நிரப்பினால் ஓசை சிலகாலம் மறையும். பழைய கார்களை விற்போர் சிலர் கையாளும் தந்திரமும் இதுவே. காய்ச்சற்காரனைப் போர்வையால் மூடிச் சந்தைக்குக் கொண்டுபோவதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. வேறொன்றும் அறிந்துகொள்ளத்தக்கது. 1967இன் பிற்பகுதி வரை வெளிவந்த எம்.ஜி.பி. வண்டிகளில் முதற் கியருக்குச் சிங்க்ரோமெஷ் இல்லை. அதன் பின்னரே நான்கு கியருக்கும் அது கிடைத்தது. ஓடும் வண்டியை முதற் கியருக்குத் தள்ளும்போது பழைய பெட்டி நறநறக்குமாயின் அது எண்ணெயின் குற்றமன்று, தள்ளியவரின் குற்றம். எந்தப் போத்தலாலும் அதனைத் தீர்க்க இயலாது.

கியர்ப்பெட்டியினுள்ளே எரிபொருள் எரிவதில்லை, கரி சேர்வதில்லை, பின் ஏன் எண்ணெயை மாற்றவேண்டும்? இயந்திர எண்ணெயின் தடிப்பைச் சூட்டிலும் நிலைநிறுத்துவதற்கென நீண்ட மூலக்கூறுகள் சில அதிலே சேர்க்கப்பட்டுள்ளன. பற்சில்லுகளின் இடையிலே அகப்பட்டு அவை நாளடைவில் வெட்டுண்ணும்; எண்ணெய் இளைக்கும். வளையங்களின் துகளும் அடியிற் சேரும். ஆகவே நிறம் மாறாமல் இருந்தாலும் அதற்கும் முதுமை உண்டு.

மாற்றும் முறையைப் பற்றி நெடிது கூறவேண்டியதில்லை. முதலிற் செய்யவேண்டிய ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். பழைய எண்ணெயை வடிக்குமுன் புதியதை வார்க்கும் வாய் திறக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். வார்க்கும் வாயின் ஆணி துருவேறி அசையாமற் போனால், வடித்தபின் வண்டி இருந்த இடத்திலேயே இருந்துவிடும். முற்பட்ட எம்.ஜி.பி.களில் இவ்வாய் வண்டியின் உள்ளே, தரைக்கம்பளத்தின் கீழே, இறப்பர் அடைப்பொன்றால் மூடப்பட்டிருக்கும். அளவுகோற் குச்சியும் அங்கேயே உண்டு. பிற்பட்டனவற்றில் பெட்டியின் பக்கத்திலே ஆணியாக அமைந்து, கீழிருந்தே எட்டவேண்டியதாயிற்று.

வண்டியை அரைமணி நேரம் ஓட்டி எண்ணெயைச் சூடேற்றியபின் சமதரையிலே நிறுத்தித் தூக்கவேண்டும். தூக்கியது ஜக்காயினும், கீழே புகுமுன் அது உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் அமர்ந்திருக்கவேண்டும். ஜக்கை மட்டும் நம்பிப் புகுந்து உயிரிழந்தோர் உண்டு. எண்ணெய் விடயத்தில் எத்தனை கருத்து வேற்றுமை இருப்பினும் இதிலே இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. வடிப்பு ஆணியைக் கழற்றி, அகன்ற தட்டத்தில் எண்ணெயை ஏந்தி, அரைமணி நேரமாவது சொட்டவிடுதல் நன்று. ஓவர்டிரைவ் உள்ள வண்டியாயின் அதன் அடியிலுள்ள வலை வடிகட்டியையும் எடுத்து மண்ணெண்ணெயிற் கழுவி உலர்த்தவேண்டும். நூல் பிரியும் சீலைத்துண்டால் அதனைத் துடைக்கக் கூடாது. அந்த நூலே பின்னர்ப் பம்பியின் வாயிலை அடைக்கும்.

தட்டத்தில் விழுந்த பழைய எண்ணெயை உடனே ஊற்றிவிடுவோர் ஒரு நல்ல சாட்சியை விசாரியாமல் அனுப்புகின்றனர். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல அதனைப் பார்க்கவேண்டும். விரலிடையே தேய்க்கும்போது சாம்பல் நிறமான நுண்பசை தெரிந்தால் அது இயல்பான தேய்வு. வெயிலிற் பிடிக்கையில் பொற்றுகள்போல மின்னுமாயின் அது சிங்க்ரோமெஷ் வளையத்தின் உலோகம். சிறிதளவு பொறுக்கத்தக்கது, மிகுதியானால் ஒவ்வாத எண்ணெயோ வளையத்தின் அந்திமமோ காரணமாகும். காந்தமொன்றை அமிழ்த்தினால் உருக்குத் துகள் ஒட்டும், வெண்கலத் துகள் ஒட்டாது. இவ்வாறு இரண்டையும் பிரித்தறியலாம். விரலில் உறுத்தும் உருக்குச் சில் கிடைத்தால் பல்லொன்று உடைந்திருத்தல் கூடும். புதிய எண்ணெய் வாங்கிய செலவோடு அன்று நிறுத்திக்கொண்டு, தேர்ந்த மெக்கானிக்கைக் காண்பதே தக்கது. பால்போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது.

வடிப்பு ஆணியைத் திரும்பப் பூட்டும்போது கைவலிமையைக் காட்டலாகாது. பெட்டி அலுமினியம், ஆணியோ அதனினும் வலியது. அளவுக்கு மேல் இறுக்கினால் அழிவது பெட்டியின் புரியே. பின்னர் வண்டியை இறக்கிச் சமமாக நிறுத்திப் புனலும் நீண்ட குழாயும் கொண்டு மெல்ல வார்க்கவேண்டும். பெட்டியின் வகைக்கும் ஓவர்டிரைவ் உண்மை இன்மைக்கும் ஏற்ப இரண்டரை முதல் மூன்றரை லீற்றர் வரை செல்லும். குச்சியின் மேற்கோட்டை எட்டியதும் நிறுத்திவிடவேண்டும். போத்தலில் எஞ்சியதை வீணாக்காமல் இதற்குள்ளேயே விட்டுவிடலாம் என்று நினைப்பது பெருந்தவறு. மிகுந்த எண்ணெய் முன்புறத் தண்டின் வழியே கசிந்து கிளச்சை நனைக்கும். நனைந்த கிளச்சு வழுக்கும். அதனை மாற்றுவதற்கும் அதே இயந்திரத்தைத் தூக்கவேண்டும்.

ஓவர்டிரைவ் உள்ள வண்டியைச் சில மைல் ஓட்டி, ஆளியை இரண்டு மூன்று முறை தட்டியபின் மீண்டும் அளந்து பார்க்கவேண்டும். கழுவிய அறைகள் நிரம்புவதால் மட்டம் தாழ்ந்திருக்கும். குறைந்ததை நிரப்பியபின் இறப்பர் அடைப்பை இட்டுக் கம்பளத்தை விரித்துவிடலாம். பழைய எண்ணெயை மண்ணிலோ வடிகாலிலோ ஊற்றாமல், மூடிய கலத்திலே சேர்த்துக் கழிவெண்ணெய் ஏற்கும் நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும். இங்கிலாந்திலே உள்ளூராட்சி மன்றங்கள் அதற்கென இடம் வைத்துள்ளன. வார்த்த எண்ணெயின் பெயரையும் தரத்தையும் மைற்கணக்கையும் கையேட்டின் கடைசித் தாளிற் குறித்துவைத்தால், அடுத்த முறை இவருக்கோ, இவருக்குப்பின் வண்டியைப் பெறுவோருக்கோ ஊகம் வேண்டியிராது.

மறுநாட் காலையில் வண்டி நின்ற இடத்திலே ஒன்றிரண்டு துளி எண்ணெய் கிடக்கக் காணலாம். வடிப்பு ஆணியின் கீழே கிடந்தால் அதனைத் துடைத்துப் பார்க்கவேண்டும். அதற்கு முன்புறத்தில், கிளச்சு உறையின் அடியிலே கிடந்தால் கலங்கவேண்டியதில்லை. முற்பட்ட வண்டிகளில் அவ்வுறையின் அடியிலே ஒரு சிறு துவாரமும், அது அடைபடாதிருக்க அதில் ஓர் ஊசியும் உண்டு. சில துளி கசியும் என்பதை அபிங்டனில் இருந்தோர் அறிந்தே அந்தத் துவாரத்தை வைத்தார்கள்.